பத்தரை

பள்ளத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பத்தரைக்கு அவன் வருவான்.
குடும்பம் நடத்திய ஒன்பது வருஷத்தில்
சொன்ன நேரத்துக்கு ஒருநாள் வந்ததில்லை.
இப்போது நீதிமன்றம் சொல்லியிருக்கிறது,
வருகிறான்.

ஜாமீன் உத்தரவை நான்தான் நகலெடுத்தேன்.
'இரண்டாம் எதிரி சேவுகன், த/பெ கருப்பையா,
மறு உத்தரவு வரும்வரை
தினமும் காலை 10.30 மணிக்கு
நிலையத்தில் ஆஜராகிக் கையொப்பமிட வேண்டும்.'
குற்றம் சாட்டப்பட்டவரை
எதிரி என்றுதான் எழுதுவார்கள்.
நாலு வருஷம் முன்பே நான் வைத்த பெயர்,
என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது அரசாங்கம்.

பூட்டிக் கிடந்த பெரிய வீடு.
மலேசியாவிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்குள்
வெண்கல உருளி இரண்டு, செம்பு அண்டா ஒன்று
இவனுடைய லோடு ஆட்டோவில் ஏறிவிட்டன.
ஓட்டியது மட்டும்தான் நான் என்றான்.
இருக்கலாம்.
எப்போதும் ஓட்டத்தான் செய்தான்,
எங்கே போகிறோம் என்று கேட்டதில்லை.

வீட்டுவரி ரசீதோடு இரண்டு பேர் வேண்டும் என்றார் வக்கீல்.
அண்ணன் ஒருவன்.
இன்னொரு ஆள் கோட்டையூர் முழுக்கத் தேடியும்
அகப்படவில்லை.
மூன்று சென்டில் ஓட்டு வீடு, என் பெயரில்.
ரசீதை மடித்து எடுத்துக்கொண்டு
காரைக்குடி கோர்ட்டில் நின்றேன்.
எதிரிக்கு நீங்கள் என்ன உறவு?
நடுவர் கேட்டார்.
மனைவி என்பதற்கும் இல்லை என்பதற்கும்
நடுவே ஒரு சொல் தேவைப்பட்டது.
தெரியும், என்றேன்.

பிணை என்றால் கட்டு.
அவிழ்த்துவிடுவதற்கும் அதையே வைத்தவர்
கல்யாணம் ஆனவராக இருக்க வேண்டும்.

எதுக்குக்கா கையெழுத்துப் போட்டே,
பூக்காரி சிட்டு கேட்டாள்.
மெஷினில் பேப்பர் சிக்கியிருந்தது,
அதைப் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒருநாள்
பத்தரை தாண்டியது. அடைமழை.
பத்தே முக்கால்.
யாருடைய ஆதார் அட்டையையோ
இரண்டு தரம் தலைகீழாக நகலெடுத்தேன்.
பதினொன்று.
வீட்டை நினைத்துத்தான் பயந்தேன்
என்று எழுதிக்கொள்ளுங்கள்.
பதினொன்று பத்துக்கு வந்தான்
முழங்கால்வரை சேறாக.
கோட்டையூரிலிருந்து நடை.
ரைட்டர் போட்ட சத்தம்
ரோட்டைத் தாண்டிக் கேட்டது.
அப்புறம் கேட்கவில்லை.
நூலில் கட்டிய பேனாவை
அவன் குனிந்து எடுத்திருப்பான்.

மார்கழியில்
ரெஜினா மேடம் வந்தார்கள், நன்னடத்தை அலுவலர்.
தோள்பை, குடை, நாலு பக்கப் படிவம்.
குடி உண்டா?
விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்.
கை நீட்டுவாரா?
இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும், இல்லை.
நடத்தை எப்படி?
நடப்பார், பஸ்ஸுக்குக் காசில்லை.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.
திருந்துவார் என்று நம்புகிறீர்களா?
அதற்கு என்னிடம் ரசீது இல்லை மேடம்.
பேனாவை மூடினார்கள்.
அதற்கு இதில் கட்டமும் இல்லைம்மா,
நானாகத்தான் கேட்டேன்.

தையில் ஒப்புக்கொண்டான்.
முதல் குற்றம், அலுவலர் அறிக்கை,
எல்லாம் படித்துவிட்டு
சிறை வேண்டாம் என்றார் நடுவர்.
ஒரு வருஷம் நன்னடத்தைப் பிணை.
மாதம் ஒருமுறை சிவகங்கையில்
மேடத்தைப் பார்த்தால் போதும்.
பிணைக்கு இந்தத் தரம் அண்ணன் மட்டும்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் பத்தரைக்கு
ரோட்டில் ஒரு மாடு நின்றது.
அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

வியாழக்கிழமை கடைக்கே வந்துவிட்டான்,
உத்தரவை நகலெடுக்க.
நாலு வருஷத்தில் முதல்முறை
இந்தப் பக்கத்துப் படியேறுகிறான்.
எத்தனை காப்பி?
ஒண்ணு.
நாலு பக்கம். எட்டு ரூபாய்.
பத்து கொடுத்தான்.
மீதி அப்புறம் வாங்கிக்கிறேன் என்றான்.
வேண்டாம், இப்பவே தர்றேன் என்று
கல்லாவைக் கிளறினேன்.
ரெண்டு ரூபாய் கிடைக்கத்தான்
நேரமாயிற்று.